கப்பல் சுற்றுலாவுக்குத் துணி அடுக்குவதும் கப்பலில் துவைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கப்பலேறி பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்பும் 4, 5 இரவுப் பயணத்தை மனதில் வைத்து இந்தப் பதில்களைத் தந்திருக்கிறோம். 7 இரவு கரீபியன், மத்தியதரைக் கடல் பயணங்களில் எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். பெட்டி கனக்கக் காரணம் துணி அதிகமாக இருப்பது மட்டும் இல்லை. எதை, எப்போது, எப்படித் துவைப்போம் என்று யோசிக்காமல் அடுக்குவதுதான் முதல் காரணம்.

5 இரவுப் பயணத்துக்கு ஒருவருக்கு எவ்வளவு துணி போதும்?

நாள் கணக்குப் போட்டால் பெட்டி மூடாது. கப்பலில் ஒரே நாளில் குளத்துக்கு ஒன்று, ஊர் சுற்ற ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று என மூன்று முறை மாற்றுகிறோம். அதை ஐந்தால் பெருக்கி 15 செட் எடுத்துவைப்பவர்கள் நிறையப் பேர். கணக்கை வேர்வையை வைத்துப் போடுங்கள். இரவு உணவுக்கு உடுத்துவது ஏசியில் இரண்டு மணி நேரம்தான். அது அழுக்காகாது, ஹேங்கரில் ஓர் இரவு காற்றாட விட்டால் மறுபடி உடுத்தலாம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் உச்சி வெயிலில் நடந்துவிட்டு வந்த சட்டை அப்படி இல்லை. தொப்பலாக நனைந்திருக்கும், அன்றே அலசியாக வேண்டும்.

பெரியவர் ஒருவருக்கு இவ்வளவு போதும்: இறங்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாடை, கப்பலில் பகலில் போட்டுக்கொள்ள 2, இரவு உணவுக்கு 2 செட், பேன்ட் அல்லது பாவாடை வகையில் 3, இரவு உடை 1, உள்ளாடை 4 செட், நீச்சலுடை 2. நீச்சலுடையில் இரண்டாவது ஆடம்பரம் இல்லை. ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது போட்டுக்கொள்ள மற்றொன்று வேண்டும். ஈரமான நீச்சலுடையைத் திரும்ப மாட்டினால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். ஒரு சால்வையோ மெல்லிய ஸ்வெட்டரோ கட்டாயம். வெளியே 32 டிகிரி கொதித்தாலும் கப்பல் தியேட்டருக்குள் குளிரும்.

7 இரவுக்கும் இதே அளவுதான். இரவு உணவுக்கு ஒரு செட் கூட்டிக்கொண்டு, நடுவில் ஒருமுறை துவைத்தால் தாராளமாக வரும். கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்கு நாளுக்கு 2 செட் வையுங்கள்.

நாமே துவைத்துக்கொள்ள கப்பலில் வாஷிங் மெஷின் இருக்குமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்களில் பயணிகளுக்கான துவைப்பறை கிடையாது. ஊழியரிடம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி ஆகியவற்றின் பல கப்பல்களில் காசு கொடுத்துப் பயன்படுத்தும் துவைப்பறை உண்டு. கியூனார்ட் கப்பல்களிலும் வைக்கிங் நிறுவனத்தின் கடற்பயணக் கப்பல்களிலும் அது இலவசம். ஒரே நிறுவனத்திலும் கப்பலுக்குக் கப்பல் வேறுபடலாம் என்பதால், டிக்கெட் போட்டதும் உங்கள் கப்பலின் பெயரைச் சொல்லி விசாரித்துவிடுங்கள். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் பெட்டியின் அளவே தீர்மானமாகும்.

துவைப்பறை இருந்தால் எப்போது போவது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. கப்பல் எந்த ஊரிலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் அன்று காலை பத்து மணிக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஊரில் நிற்கும் நாளில், எல்லோரும் இறங்கிப் போன பிறகு போனால் மெஷின்கள் காலியாக இருக்கும். போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மெஷின் நின்ற பிறகும் துணி உள்ளேயே கிடந்தால் அடுத்தவர் எடுத்து மேசைமேல் போட்டுவிட்டுத் தன் துணியைப் போடுவார். அது அங்கே சகஜம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். டிரையரில் போடுமுன் அதன் வடிகட்டியில் அடைந்திருக்கும் பஞ்சை வழித்தெடுங்கள். பஞ்சு அடைத்தால் சூடான காற்று ஓடாது. ஒரு மணி நேரம் சுற்றியும் துணி ஈரமாகவே வரும். அந்தப் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

ஊழியரிடம் கொடுத்தால் எப்படி? செலவு அதிகமா?

கேபின் அலமாரியில் ஒரு லாண்டரிப் பையும் விலைப்பட்டியலும் இருக்கும். துணிகளை எண்ணிப் பட்டியலில் குறித்து, பையில் போட்டுக் கட்டிலின்மேல் வைத்துவிட்டால் கேபின் ஊழியர் எடுத்துப்போவார். சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் திரும்பும். அன்றே வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம்.

உருப்படிக் கணக்கில் கொடுத்தால் கை கடிக்கும். ஒரு ஜீன்ஸைத் துவைக்கும் காசில் ஊரில் பத்து உருப்படி துவைத்துவிடலாம். பயணத்தின் நடுவில் பல கப்பல்களில் ‘ஒரு பை, ஒரே விலை’ என்று அறிவிப்பார்கள். அதற்கான தாள் கேபினுக்கு வரும், அல்லது கப்பலின் செயலியில் தெரியும். அதுவரை காத்திருங்கள். பை மூடும் அளவுக்கு அடைக்கலாம். உள்ளாடை, டி-ஷர்ட், காலுறை, பிள்ளைகளின் துணி ஆகியவற்றை இறுகச் சுருட்டிப் போட்டால் நால்வரின் மூன்று நாள் துணி அடங்கும். 4 இரவுப் பயணத்தில் இந்தச் சலுகை வராமலே போகலாம். அதை நம்பித் துணியைக் குறைக்க வேண்டாம்.

பையில் எதையெல்லாம் போடக் கூடாது?

அந்தப் பையைப் பிரித்து, வெள்ளை தனி கலர் தனி என்று துவைப்பார்கள் என எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் ஒன்றாகத் துவைபட்டு, சூடான டிரையரில் சுற்றி, மடித்து வரும். இஸ்திரி போட மாட்டார்கள். ஆகவே சாயம் போகும் சுங்குடி, புது ஜீன்ஸ், கைத்தறிச் சட்டை, பட்டு, கம்பளி, லினன், ஜரிகை எதுவும் வேண்டாம். ஒருமுறைகூட நனைக்காத பருத்திக் குர்த்தா அந்த டிரையரில் ஓர் அளவு குறைந்து வரும். எலாஸ்டிக் வைத்த நீச்சலுடையும் சூட்டில் தளர்ந்துவிடும். புதுத் துணி கொண்டுபோவதானால் வீட்டிலேயே இரண்டு தடவை அலசிச் சாயத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கேபின் குளியலறையிலேயே கையால் துவைக்கலாமா? எப்படி?

தாராளமாக. உள்ளாடை, காலுறை, நீச்சலுடை, மெல்லிய டி-ஷர்ட் இவற்றுக்கு இதுதான் சிறந்த வழி. தினமும் இரவு இரண்டு மூன்று உருப்படி துவைத்தால் அந்த லாண்டரிப் பையே தேவைப்படாது.

வாஷ்பேசினை அடைத்துப் பாதி அளவு வெதுவெதுப்பான நீர் பிடியுங்கள். திரவ சோப்பு அரை டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கப்பலில் வரும் நீர் பெரும்பாலும் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்தது, மென்னீர். நம்மூர் போர் தண்ணீரில் நுரைக்கவே நுரைக்காத சோப்பு இங்கே பொங்கி வழியும். பழக்கத்தில் ஒரு கைப்பிடி தூளைப் போட்டால் நாலு தண்ணீரில் அலசினாலும் வழவழப்பு போகாது. சோப்பு தங்கிய துணி காய்ந்ததும் விறைத்துக்கொண்டு உடம்பை அரிக்கும். சோப்பு நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, அக்குள், கழுத்துப்பட்டை, பாதப் பகுதியை மட்டும் கசக்கி, இரண்டு தண்ணீரில் அலசினால் போதும்.

அடுத்ததுதான் முக்கியம். முறுக்கிப் பிழிவதோடு நிறுத்திவிடாதீர்கள். உலர்ந்த குளியல் துண்டை விரித்து, பிழிந்த சட்டையை அதன்மேல் பரத்தி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டுங்கள். சுருளின்மேல் முழங்காலை ஊன்றி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்துங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும், சட்டை வெறும் குளிர்ச்சியாக மட்டும் இருக்கும். இப்படிச் செய்த பாலியெஸ்டர் கலந்த டி-ஷர்ட் காலைக்குள் காய்ந்துவிடும். இதைச் செய்யாமல் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டது மறுநாள் மாலை வரை நசநசத்துக் கிடக்கும். நனைந்த துண்டை ஊழியரிடம் கொடுத்து வேறு கேட்டால் தருவார்.

ஜீன்ஸும் தடித்த பருத்தியும் கேபினில் துவைக்க லாயக்கில்லை. இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் காயாது, புழுங்கல் நாற்றம் வரும்.

எங்கே காயப்போடுவது? பால்கனியில் போடலாமே?

வேண்டாம். பெரும்பாலான கப்பல்களில் பால்கனிக் கம்பியில் துணி போடுவதற்குத் தடை உண்டு. கப்பல் ஓடும்போது அடிக்கும் காற்றில் கிளிப் போட்ட துண்டுகூடப் பறந்து கடலில் விழும், அல்லது கீழ்த்தளத்தில் போய் ஒட்டும். தப்பிப் பறக்காமல் இருந்தாலும் காயாது. கடற்காற்றில் வரும் உப்பு நூலில் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. காய்ந்த மாதிரி தெரிந்த துணி தொட்டால் பிசுபிசுக்கும். பால்கனிக் கதவைத் திறந்து வைத்து கேபினுக்குள் காயவைப்பதும் பயன் தராது. சில கப்பல்களில் கதவு திறந்தால் ஏசி நின்றுவிடும், ஈரக் காற்றும் உள்ளே நிறையும்.

கேபினுக்குள் ஏசி ஓடும் இடம்தான் சரி. பல கப்பல்களின் ஷவரில் இழுத்து எதிர்ச்சுவரில் மாட்டும் ஒரு கொடி இருக்கும். சுவரில் வட்டமாக ஒரு மூடி தெரிந்தால் அதன் நடுவிலுள்ள குமிழைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் அங்கே சொட்டட்டும். பிறகு ஹேங்கரில் மாட்டி ஏசிக் காற்று வரும் துவாரத்துக்கு அருகில் தொங்கவிடுங்கள். குளியலறையிலேயே விட்டால் அடுத்தடுத்து நால்வர் குளிக்கும் ஆவியில் மறுபடி நனையும்.

கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். 6 கொக்கி கொண்டுபோனால் ஈர நீச்சலுடை, தொப்பி, கைப்பை எல்லாம் தரையை விட்டு மேலே போய்விடும். ஒட்டும் கொக்கிகள் வேண்டாம்; சுவரின் மேற்பூச்சை உரித்துவிடும்.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப்போகலாமா?

கூடாது. இஸ்திரிப் பெட்டியும் துணிக்கு நீராவி பாய்ச்சும் ஸ்டீமரும் தீ அபாயம் காரணமாகத் தடை செய்யப்பட்டவை. கைக்கு அடக்கமான பயண மாடலுக்கும் விலக்கு இல்லை. கப்பலேறும்போது ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைத் தனியே நிறுத்திவைத்து, உங்களை அழைத்துத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அந்தத் தாமதத்தில் முதல் நாள் மாலை மாற்றுத்துணி இல்லாமல் நிற்க நேரும். மின்னழுத்தப் பாதுகாப்பு வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் இதே கதிதான்.

துவைப்பறை உள்ள கப்பல்களில் இஸ்திரி மேசை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இல்லாத கப்பலில், சுடுநீரில் குளிக்கும்போது கதவைச் சாத்தி உடையை உள்ளே மாட்டிவைத்து, வெளியே எடுத்ததும் ஈரம் இருக்கும்போதே கையால் கீழ்நோக்கி நீவிவிடுங்கள். மெல்லிய மடிப்புகள் போய்விடும். பருத்திச் சட்டையின் ஆழமான மடிப்புக்கு இது போதாது. அதை மட்டும் ‘இஸ்திரி மட்டும்’ என்று குறித்துக் கொடுங்கள், துவைப்பதைவிட மலிவு. எல்லோரும் முறையான உடையில் இரவுச் சாப்பாட்டுக்கு வரும் ‘விசேஷ உடை இரவு’ குறும்பயணங்களில் பெரும்பாலும் இரண்டாம் நாளே வந்துவிடும். ஆகையால் கப்பலேறிய அன்றே கொடுத்துவிட வேண்டும்.

விசேஷ உடை இரவுக்குப் புடவை, வேட்டி உடுத்தலாமா? கோட்டு சூட்டு கட்டாயமா?

தாராளமாக உடுத்தலாம். அந்தந்த நாட்டின் மரபுடை முறையான உடையாகவே மதிக்கப்படும். உடை விஷயத்தில் கறாரான கியூனார்ட் நிறுவனமே அதைத் தன் விதிகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட விசேஷ உடை இரவு குறும்பயணத்தில் வழக்கமாக ஒன்று, 7 இரவுப் பயணத்தில் இரண்டு.

எந்தப் புடவை என்பதுதான் யோசிக்க வேண்டியது. கனத்த காஞ்சிப் பட்டு கப்பலுக்கு உகந்ததல்ல. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் ஜரிகை கறுக்கும், கறை பட்டால் கப்பலில் சரிசெய்ய வழியில்லை. கிரேப், ஜார்ஜெட், மென்பட்டு போன்றவை சுருட்டினாலும் மடிப்பு விழாது, எடையும் குறைவு. பட்டுதான் வேண்டும் என்றால் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைபட்டு ஜரிகை இன்னும் சீக்கிரம் கறுக்கும். சென்ட் அடிப்பதைப் புடவை கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். திறந்த தளத்தில் படமெடுக்கப் போகுமுன் முந்தானையை இரண்டு இடத்தில் பின் குத்துங்கள், காற்று லேசில் விடாது.

வேட்டிக்கு ஒட்டிக்கோ வகை நல்லது. கப்பல் லேசாக ஆடும்போது படிக்கட்டில் இறங்க நேரும். இடுப்பில் பிடிமானம் வேண்டும்.

எந்தப் பெட்டியில் எதை வைப்பது?

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளைச் சுமைக்காரரிடம் கொடுத்துவிடுவோம். அவை கேபின் வாசலுக்கு வந்துசேர மாலை, சில நேரம் இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகும். அதுவரை கையில் இருப்பதுதான் உடைமை. பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர் தவிர, நீச்சலுடை, ஒரு மாற்றுத்துணி, செருப்பு, பிள்ளைகளுக்கு ஒரு முழு செட் ஆகியவை தோள்பையில் இருக்கட்டும். கப்பல் புறப்படும் அந்த மதியம்தான் குளம் காலியாக இருக்கும்.

இரண்டு பேர் போனால் துணியைப் பாதிப் பாதியாக இரண்டு பெட்டியிலும் கலந்து வையுங்கள். விமானத்தில் ஒரு பெட்டி தவறினாலும் இருவருக்கும் உடுத்தத் துணி இருக்கும். விமானப் பெட்டி அடுத்த ஊருக்கு வந்துசேர்வதற்குள் கப்பல் அங்கிருந்து கிளம்பிவிடலாம். அதனால் இந்த முன்னெச்சரிக்கை சாதாரண சுற்றுலாவைவிடக் கப்பலுக்கு அதிகம் தேவை.

கேபினில் அலமாரி சிறியது. துணியை எடுத்து அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அழுக்குத் துணிக்கு ஒரு துணிப்பை தனியாக எடுத்துப்போங்கள். ஈரத்துணிக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை 3.

சன்ஸ்கிரீன் கறை, சாம்பார்க் கறை: என்ன செய்வது?

வெள்ளைச் சட்டைக் கழுத்தில் துவைத்த பிறகு துருப்போல ஆரஞ்சுக் கறை தெரிந்தால் அது பெரும்பாலும் சன்ஸ்கிரீன். அதிலுள்ள அவோபென்சோன் என்ற பொருள் நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிறது. குளோரின் பிளீச் ஊற்றினால் இன்னும் பளிச்சென்று ஆகும், ஊற்றாதீர்கள். துவைக்குமுன்பே கழுத்துப்பட்டையில் திரவ சோப்பைத் தேய்த்து 15 நிமிடம் விட்டு, எண்ணெய்ப் பிசுக்கை முதலில் எடுங்கள். ஏறிவிட்ட கறையில் எலுமிச்சைச் சாறு தடவி ஊறவிட்டு அலசினால் குறையும். வெள்ளைத் துணிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

மஞ்சள் கலந்த குழம்பு பட்ட இடம் சோப்புப் போட்டதும் சிவக்கும். நம் வீடுகளில் எல்லோரும் பார்த்ததுதான். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். அதை முழுதாகப் போக்க வெயில்தான் மருந்து. அதுவரை டிரையரில் போடாமல் வைத்திருங்கள், சூடு பட்டால் கறை இறுகிவிடும். வீடு திரும்பி அலசி மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவிட்டால் வெளுக்கும்.

பிள்ளை வாந்தி எடுத்த துணியை என்ன செய்வது?

பொதுத் துவைப்பறைக்கும் வாஷ்பேசினுக்கும் கொண்டுபோகாதீர்கள். அது கடலாட்டத்தால் வந்ததா, வயிற்றுத் தொற்றால் வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கப்பலில் வயிற்றுத் தொற்று வேகமாகப் பரவும். துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கேபின் தொலைபேசியில் ஊழியரை அழைத்து விஷயத்தைச் சொல்லுங்கள். அத்தகைய துணிக்கும் படுக்கை விரிப்புக்கும் அவர்களிடம் தனி முறை இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதில்லை, மறைப்பதுதான் மற்றவர்களுக்குத் தீங்கு.

கொண்டுபோகவே கூடாத உடை ஏதாவது உண்டா?

கரீபியன் போனால் ராணுவப் புள்ளிகள் போட்ட உடை எதுவும் வேண்டாம். பார்படோஸ், ஜமைக்கா, ட்ரினிடாட் ஆகிய இடங்களில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் தொப்பி, பை என்று எதையும் விடாமல் பாருங்கள். ரோமுக்கான துறைமுகமான சிவிடவெக்கியாவில் இறங்கி வத்திக்கான் போகிறவர்களுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பூக்கெட்டின் வாட் சலோங் விகாரைக்கும் அதே ஒழுங்கு நல்லது. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போவதாக இருந்தால் 513 படி ஏற வேண்டும். வேர்வை வழியும் என்பதால் இறங்கியதும் மாற்ற ஒரு மேலாடையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி இரவில் கவனிக்க வேண்டியது என்ன?

பெரிய பெட்டிகளை அட்டை கட்டி இரவு பத்து, பதினொரு மணிக்குள் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் துறைமுகக் கொட்டகையில்தான் அவற்றைப் பார்ப்பீர்கள். எல்லாவற்றையும் அடுக்கி வாசலில் வைத்துவிட்டுக் காலையில் இரவு உடையோடும் ரப்பர் செருப்போடும் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. காலையில் போடும் உடை, உள்ளாடை, ஷூ ஆகியவற்றைக் கட்டிலின்மேல் எடுத்துவைத்துவிட்டு அதற்குப் பிறகே பெட்டியை மூடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெட்டியை நாமே உருட்டிக்கொண்டு இறங்குகிறோம் என்று சொன்னால் வாசலில் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

கடைசி நாள் மதியத்துக்குப் பிறகு எதையும் துவைக்க வேண்டாம், குளத்திலும் இறங்காமல் இருந்தால் நல்லது. லாண்டரிக்குக் கொடுப்பதை அதற்கு முந்தைய நாளே நிறுத்திவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்?

பெட்டியை அன்றே திறந்துவிடுங்கள். ஈர நீச்சலுடை விமானம், கார் என ஒரு நாள் முழுக்கப் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தால் பூஞ்சைப் புள்ளி விழும். அந்தக் கரும்புள்ளி பிறகு போகாது. கடலில் நனைந்ததைச் சோப்புப் போடாமல் முதலில் வெறும் நீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள். புடவையை அலமாரியில் வைக்குமுன் நிழலில் ஒரு நாள் காற்றாடப் போட்டு, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். பெட்டியின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, திறந்தபடி வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள்.